முதலில் வரும் குஞ்சு

சாமிக்கு விட்ட சேவலை அடிக்கக் கூடாது. கல்லெறியக் கூடாது, வையக் கூடாது, பஞ்சாரக் கூடையில் போட்டு மூடக் கூடாது. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சேவலுக்கும் தெரியும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

வாளியோடு கொல்லைக்குப் போனால் முருங்கை மரத்தடியில் நின்று தலையைச் சாய்த்து என்னைப் பார்க்கும். ஒரு இறக்கையைத் தாழ்த்தித் தரையில் உரசியபடி அரைவட்டமாகச் சுற்றி வரும். நான் அதன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னோக்கியே நடந்து வாசலுக்கு வருவேன். முதுகைக் காட்டினால் ஏறிவிடும். என் கெண்டைக்காலில் அதன் கால்முள் இறங்கிய தடங்கள் இருந்தன. காட்டினால் அம்மா மஞ்சளைக் குழைத்துப் பூசி, "சாமி தொட்டதுன்னு நெனச்சுக்க" என்பாள்.

எனக்கு ஆட்களைக் கண்டால் பயம். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதும் அதனால்தான். கோழிகளிடம் மட்டும் அந்தப் பயம் இருந்ததில்லை. அங்கேயும் ஒன்று இப்படி வந்து சேர்ந்தது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

எங்கள் ஊர் உச்சிப்புளிக்குப் பக்கம். கடற்படை ஹெலிகாப்டர் சில நாள் எங்கள் ஓட்டுக்கு மேலேயே தாழப் பறக்கும். அப்போது கோழிகளைப் பார்த்தால் ஒவ்வொன்றின் குணமும் தெரிந்துவிடும். சிறுவிடை நாட்டுக் கோழிகள் அதைப் பருந்து என்று எண்ணி ஒரே ஒரு சத்தம் கொடுக்கும். அடுத்த நொடி தாயும் குஞ்சுகளும் வேலிக் கருவைக்குள் போயிருக்கும். மகளிர் சங்கத்தில் கொடுத்த தவிட்டுநிறக் கோழிகள் நின்ற இடத்திலேயே அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி மேயும். உண்மையான பருந்து வந்து அவற்றில் ஒன்றைத் தூக்கிய அன்றும் மற்றவை பக்கத்தில் தின்றுகொண்டுதான் இருந்தன. யார் கையை நீட்டினாலும் வரும். மீன்காரர் சைக்கிள் பின்னாலேயே தெருமுனை வரை போய்விடும்.

ஒத்தக்கண்ணன் வேறு மாதிரி. அது பெருவிடைச் சேவல், உயரமான சண்டை இனம். சண்டைக்கு விட்டதில் இடது கண் போய்விட, வேண்டாம் என்று ஒதுக்கியதை அய்யா வாங்கி வந்திருந்தார். அது நல்ல கண்ணை வானத்துக்குத் திருப்பிச் சத்தம் அடங்கும்வரை அசையாமல் நிற்கும்.

சாமி சேவல் மட்டும் குட்டிச்சுவரில் ஏறி ஹெலிகாப்டரைப் பார்த்துக் கூவும்.

அதைச் சாமிக்கு நேர்ந்துவிட்டது என் அக்கா மகேஸ்வரிக்காக. அவளுக்கு முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது தங்கியதும் அம்மா கருப்பருக்கு வேண்டிக்கொண்டாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி ஒரு கை குருணையை அக்காவின் தலையைச் சுற்றிச் சேவல் குஞ்சுகளுக்கு முன்னால் போட்டாள். எது முதலில் வந்து கொத்துகிறதோ அதுதான் சாமிக்கு. தாய்க்கோழி 'வராதே' என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. மற்ற குஞ்சுகள் தயங்கி நின்றன. ஒரு செந்நிறக் குஞ்சு மட்டும் அவற்றின் முதுகில் ஏறி மிதித்துக்கொண்டு வந்து கொத்தியது. பூசாரி சின்னக்கருப்பன் அதன் காலில் மஞ்சள் நூல் கட்டினார்.

"பாத்தியா, துளி பயமில்ல. கருப்பனுக்கு இப்படித்தான் வேணும்" என்றார்.

பயமே இல்லாத குஞ்சைப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, அதன் மேல் இனி யாரும் கை ஓங்கக் கூடாது என்றும் சொல்லி வளர்த்தால் அது என்னவாக வளரும்? இதை நான் பிறகுதான் யோசித்தேன். அன்றைக்கு எல்லோரையும் போல நானும் கும்பிட்டேன்.

தனுஷ் நல்லபடியாகப் பிறந்தான். மாசி மாதம் சிவராத்திரிக்குக் கோயிலில் சேவலைக் கொடுத்து, பிள்ளைக்கு முடி இறக்கி, அக்காவை மாமா வீட்டுக்கு அனுப்புவது என்று பேச்சு. ஆனால் முதல் மரியாதை யாருக்கு என்று இரண்டு பங்காளி வீடுகளுக்குள் தகராறு வந்து கோயிலைப் பூட்டிவிட்டார்கள். சாமி கும்பிடு தள்ளிப்போனது. அக்கா தங்கினாள். சேவலும் தங்கியது. தனுஷ் தவழத் தொடங்கினான்.

ஒத்தக்கண்ணன் இருந்தவரை எதுவும் நடக்கவில்லை. சாமி சேவல் இறக்கையை உரசினால் போதும், ஒத்தக்கண்ணன் கழுத்தை நிமிர்த்தி ஒரே ஓர் அடி எடுத்து வைக்கும். சின்னது தலையைத் தாழ்த்திக்கொண்டு வேலிப்பக்கம் போய்விடும். அதே ஒத்தக்கண்ணனின் வாலைத் தனுஷ் பிடித்து இழுத்தாலும் அது திரும்பிக்கூடப் பார்க்காது. சண்டைச் சேவலைத் தினமும் கையில் எடுத்துக் குளிப்பாட்டி, தடவி, நீவிவிட்டு வளர்ப்பார்கள். ஆளைக் கொத்துவதை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அது கோழிக்குத்தான் எதிரி, மனிதருக்கு இல்லை.

இது அய்யாவின் அக்கா ராமலெட்சுமி அத்தைக்குத் தெரியவில்லை. ஒருநாள் வந்தவள் ஒத்தக்கண்ணனைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏலே பொன்னுச்சாமி, தவழுற புள்ளைய வச்சுக்கிட்டு சண்டைச் சேவலையும் வச்சிருக்கியே, ஒனக்கு கூறு இருக்காலே? அதுக்கு ஒரு கண்ணு போச்சு. அது புள்ள கண்ணைத் தேடாதா?"

அய்யா அப்போதே சாக்கை எடுத்துவிட்டார். நான் கதவோரம் நின்று, "அய்யா, அது ஒண்ணும் செய்யாது. மத்ததுதான்..." என்றேன்.

"எது?"

நான் குட்டிச்சுவர்ப் பக்கம் கண்ணைக் காட்டினேன். அம்மா முந்திக்கொண்டாள். "சாமி சேவலையா சொல்ற? வாயக் கழுவுடி."

உச்சிப்புளியில் கறிக்கடை வைத்திருக்கும் நவ்ஷாத் அண்ணனிடம் அய்யா ஒத்தக்கண்ணனைக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று சாயங்காலம் சாமி சேவல் முற்றத்தின் நடுவில் நின்று கூவியது. அதுவரை அது அந்த இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

மிளகாய்ப் பழம் எடுக்கும் காலம் அது. காலையில் அம்மா, அய்யா, அக்கா மூன்று பேரும் மிளகாய்க் காட்டுக்குப் போய்விடுவார்கள். பக்கத்து வீடுகளும் பூட்டிக்கிடக்கும். நானும் தனுஷும் மட்டும் இருப்போம். நான் அவனை வெளியே விடுவதில்லை. வாசல் கதவின் கீழ்ப்பாதியைச் சாத்தி, உள்ளே பாயில் போட்டு விளையாட்டுக் காட்டுவேன். கதவுக்கு அந்தப் பக்கம் நகம் மண்ணைப் பிறாண்டும் சத்தம் கேட்கும். சில நேரம் சத்தமே கேட்காது. அப்போது இடுக்கில் கண்ணை வைத்து அது எங்கே நிற்கிறது என்று தேடுவேன்.

அன்று அடுப்பில் பால் பொங்கிவிட்டது. ஓடிப்போய் இறக்கிவிட்டுத் திரும்பினேன். பாயில் அவன் இல்லை. கதவின் கொண்டி நழுவியிருந்தது. தனுஷ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஒரு கை தூரத்தில் சேவல் நின்றது. கழுத்துச் சிறகெல்லாம் விரிந்து குடை போல இருந்தது.

தனுஷ் சிரித்துக்கொண்டே அதை நோக்கிக் கையை நீட்டினான்.

அவனுக்கும் பயம் இல்லை.

அது எழும்பியதைப் பார்த்தேன். இறக்கை அவன் முகத்தில் அடித்த சத்தத்தைக் கேட்டேன். அதற்குப் பிறகுதான் ஓடி, அவன் மேல் கவிழ்ந்து படுத்தேன். பக்கத்தில் விளக்குமாறு கிடந்தது. அதை எடுக்க என் கைக்குத் தைரியம் வரவில்லை. என் முதுகில் அது ஏறி ஏறி அடித்தது. பிள்ளை எனக்குக் கீழே வீறிட்டான். ஊர்ந்தபடியே அவனை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்தபோது கண்ணுக்குக் கீழே, இமையை ஒட்டி ஒரு ரத்தக்கோடு. ஒரு நெல்லளவு மேலே போயிருந்தால் கண்.

சாயங்காலம் அக்கா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கத்தினாள். "அத அறுத்துப் போடும்மா. இல்லாட்டி நான் இப்பவே எம்புள்ளையத் தூக்கிட்டுப் போறேன்."

அம்மா தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "முத உசுரு போனது பத்தலையாடி ஒனக்கு? கும்பிடு தள்ளிப் போகுதுன்னு கருப்பன் கோவிச்சுக்கிட்டு அடையாளம் காட்டுறான். அவனுக்குச் சொன்னத அறுத்துத் தின்னுட்டு எங்க போயிப் பொழைப்ப? முடி எறக்காம புள்ளைய இந்த ஊரு எல்லையத் தாண்டித் தூக்குவியா?"

அக்கா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அய்யா பங்காளி வீடுகளுக்குப் போய் நாள் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். "நாளைக்கும் புள்ள ஒன் பொறுப்புதான் சுகந்தி. பாத்துக்க" என்றார்.

மறுநாள் கொண்டிக்குக் கயிறு கட்டினேன். அது போதாது என்று எனக்குத் தெரியும். கதவுக்குக் கீழே அதன் கால்கள் வந்து நின்றன. மஞ்சள் நூல் அழுக்காகி இறுகிக் கிடந்தது. அடிக்கவும் கூடாது, அடைக்கவும் கூடாது. ஆனால் ஒத்தக்கண்ணன் அதை அடித்ததும் இல்லை, அடைத்ததும் இல்லை. சும்மா நின்றது. அது போதுமாக இருந்தது.

அது கொல்லைப் பக்கம் போகும்வரை காத்திருந்து, தனுஷை இடுப்பில் வைத்து, துண்டால் அவன் தலையை மூடி, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். முடி இறக்காத பிள்ளையை எல்லை தாண்டித் தூக்கிப் போகிறேன் என்று தெரிந்தேதான் போனேன். தனியாக நான் பஸ் ஏறியதே இல்லை. கண்டக்டர், "எங்க?" என்று கேட்டபோது காசை நீட்டி, பஸ் போகும் பக்கம் கையைக் காட்டினேன். பக்கத்தில் இருந்த பெண் ஒருத்தி, "உச்சிப்புளின்னு சொல்லுத்தா, ஊமையா?" என்று சிரித்தாள்.

கடை வாசலில் கூண்டுகள். உள்ளே கறி வெட்டும் கட்டையில் ஈரம் காயவில்லை. ஒத்தக்கண்ணனைக் காணவில்லை. கூண்டு கூண்டாகக் குனிந்து தேடினேன்.

"என்னம்மா, பொன்னுச்சாமி அண்ணன் மகதானே நீ?" என்றார் நவ்ஷாத் அண்ணன். நான் தலையாட்டினேன். "என்ன வேணும்? வாயத் தொறந்து சொல்லு. இங்க கோழிதான் பேசாது."

"எங்க சேவல்."

"அதான் குடுத்தாச்சே."

"திருப்பி வேணும்."

அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "வீட்டோட மாப்பிள்ளையாக் குடுத்தவனத் திருப்பிக் கேக்குற மாதிரி கேக்குறியே. கிழட்டுக் கறி, யாரும் எடுக்கல. பின்னாடி என் பெட்டைகளோட குடித்தனம் பண்ணிக்கிட்டு இருக்கு." பிறகு அவர் பார்வை தனுஷின் முகத்தில் நின்றது. சிரிப்பு போய்விட்டது. "யா அல்லா. இது என்ன, கோழி முள்ளா? ஒத்தக்கண்ணனா செஞ்சுச்சு?"

"இல்ல. அது இல்லாததுனால."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பின்பக்கம் போய் ஒத்தக்கண்ணனைத் தூக்கி வந்து, கால்களைக் கட்டி, தலை வெளியே தெரியச் சாக்கில் வைத்துக் கொடுத்தார். "கொண்டு போ. அய்யாட்ட நான் பேசிக்கிறேன். காரியம் முடிஞ்சதும் எம் பெட்டைகளுக்கு ஒரு பதில் சொல்லிரு, அழுதுக்கிட்டு இருக்கும்."

திரும்பும் பஸ்ஸில் ஒரு பக்கம் பிள்ளை, ஒரு பக்கம் சாக்கு. தனுஷ் கையை விட்டு ஒத்தக்கண்ணனின் கழுத்தைக் கொத்தாகப் பிடித்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒத்தக்கண்ணன் நல்ல கண்ணை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஒத்தக்கண்ணனைப் பார்த்ததும் சாமி சேவல் பழையபடி தலையைத் தாழ்த்தும் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. இத்தனை நாள் முற்றம் முழுவதும் அதனுடையதாக இருந்திருக்கிறது. நான் ஒத்தக்கண்ணனின் கட்டை அவிழ்த்ததுமே அது ஓடிவந்து பாய்ந்தது. தனுஷைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தி, இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

சிறுவிடைப் பெட்டைகள் சத்தமில்லாமல் வேலிக்குள் போய்விட்டன. சங்கத்துக் கோழிகள் நடுவில் நின்று மேய்ந்தன. சண்டை அவற்றைச் சுற்றியே நடந்தது. ஒத்தக்கண்ணன் சத்தம் போடவில்லை. சின்னதுக்கு அதன் குருட்டுப்பக்கம் தெரிந்துவிட்டது. அந்தப் பக்கமாகவே சுற்றிச் சுற்றி வந்து அடித்தது. ஒத்தக்கண்ணன் திரும்புவதற்குள் அடி விழுந்தது. ஒருமுறை கால் மடங்கி உட்கார்ந்தும் விட்டது. இது செத்தால் பிள்ளைக்குக் காவல் இல்லை. அது செத்தால் கருப்பனுக்குச் சொன்னது போச்சு. கதவைத் திறந்து பிரிக்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை. இரண்டையும் நானே கூட்டிவைத்துவிட்டேன் என்பது மட்டும் நெஞ்சில் இடித்துக்கொண்டே இருந்தது.

ஒத்தக்கண்ணன் உட்கார்ந்தபடியே காத்திருந்தது. சின்னது மறுபடி எழும்பி வந்தபோது அலகை உயர்த்தி அதன் கொண்டையைக் கவ்வியது. விடவில்லை. சின்னது இழுத்தது. இன்னும் பலமாக இழுத்தது. கொண்டையில் பாதி கிழிந்து வந்தது. சாமி சேவல் தலையெல்லாம் ரத்தமாக ஓடிப்போய், எந்தப் பெட்டைகளை மிரட்டியதோ அவற்றுக்கு நடுவில் வேலிக்குள் ஒடுங்கியது.

கொண்டையை ஒட்டவைக்க முடியாது, மறைக்கவும் முடியாது. அம்மா வரும்வரை நான் தனுஷின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் வருகிறதா, மூச்சு சரியாக வருகிறதா. அவன் தூங்கியபோது எழுப்பினேன். எழுந்து அழுதபோது நிம்மதியாக இருந்தது.

முற்றத்து ரத்தத்தைப் பார்த்ததும் அம்மா மிளகாய்ச் சாக்கைத் தலையிலிருந்து அப்படியே போட்டுவிட்டாள். அக்கா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். அய்யா ஒத்தக்கண்ணனைப் பார்த்தார்.

"இது எப்பிடி இங்கன வந்துச்சு?"

"நான்தான் அய்யா. பஸ்ல போயிக் கூட்டியாந்தேன்."

"நீயா? பஸ்லயா?" என்றார் அய்யா.

அம்மா நேராகப் போய்ப் பூசாரியைக் கூட்டிவந்தாள். சின்னக்கருப்பன் வேலிக்குள் குனிந்து சேவலைப் பிடித்தார். அது அவர் கையில் நடுங்கியது. கொண்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

"கொறைப்பட்டது ஆகாது பூமயிலு. முழுசா இருக்கிறதத்தான் கருப்பன் வாங்குவான்."

"அப்ப என் பேரன்?" என்றாள் அம்மா.

"பேரனுக்கு ஒண்ணும் வராது. வேற ஒண்ண நேந்து விடு. சண்டையில அடிபட்டதுக்கு ஆளா பொறுப்பு?" அவர் குனிந்து தன் வேட்டியை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். பழைய தழும்பு ஒன்று இருந்தது. "எனக்கே இது முள்ளப் போட்டுருக்கு பாரு. பூசாரி போயி சாமி சேவலைக் குத்தம் சொன்னா நல்லாருக்குமா? வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

அக்கா கேட்டாள்: "அப்ப இனி அது சாமிது இல்லைல?"

"இல்ல."

அவள் பூசாரி கையிலிருந்து சேவலை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். அம்மா தடுக்கவில்லை. அந்தக் குழம்பை நான் தொடவில்லை. ஒத்தக்கண்ணனுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டு கொல்லையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி குருணை எடுத்தார்கள். பெட்டைக் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் மூடி, சேவல் குஞ்சுகளையும் தாயையும் மட்டும் வெளியே விட்டிருந்தார்கள். அம்மா குருணையை என் கையில் திணித்தாள். "நீயே போடு. ஒன் கைக்குத்தான் எல்லாம் வரும்."

பூசாரி நின்றார். அக்கா தனுஷை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் கண்ணுக்குக் கீழே பொருக்கு உதிர்ந்து வெளுத்த கோடு தெரிந்தது. நான் குருணையை அவன் தலையைச் சுற்றினேன். எது முதலில் வரும் என்று எனக்குத் தெரியும். சங்கத்து முட்டையில் பொரித்த தவிட்டுக் குஞ்சு ஏற்கெனவே என் பாதத்தில் ஏறி நின்றது. அதற்கு யாரையும் நம்பத்தான் தெரியும். அதற்குப் பின்னால் கருங்கோடு போட்ட ஒன்று, மற்றவற்றின் முதுகை மிதித்துக்கொண்டு வந்தது. அதன் பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

நான் அவற்றைத் தாண்டி நடந்தேன். தாய்க்கோழிக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒன்று ஒண்டிக்கொண்டிருந்தது. ஆள் நிழல் பட்டாலே ஓடுகிற குஞ்சு. அதன் முன்னால் குனிந்து குருணையைக் கொட்டினேன். தாய் என் கையில் ரத்தம் வரக் கொத்தியது. நான் கையை எடுக்கவில்லை. குஞ்சு வெகுநேரம் நின்றது. பிறகு ஒரே ஒரு மணியைக் கொத்திவிட்டு வேலிக்குள் ஓடியது.

"அதுவா?" என்றாள் அம்மா. "அது பயந்தாங்கொள்ளிடி."

"அதாம்மா மொதல்ல கொத்துச்சு."

பூசாரி என்னைப் பார்த்தார், தனுஷைப் பார்த்தார். "அதான் கொத்துச்சு. நானும் பாத்தேன்" என்று மஞ்சள் நூலை எடுத்தார்.

இனி அதை யாரும் அடிக்க மாட்டார்கள். கல்லெறிய மாட்டார்கள், வைய மாட்டார்கள். பங்காளிகள் இன்னும் பேசி முடிக்கவில்லை. அதுவரை அது வளரும். நேற்றுக் காலை வாளியோடு போனபோது முருங்கை மரத்தடியில் அது நின்றது. ஓடவில்லை. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

நான் சுற்றிலும் பார்த்தேன். அம்மா உள்ளே இருந்தாள். கோயில் இருக்கும் திசைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டேன். பிறகு காலை ஓங்கித் தரையில் ஒரு மிதி மிதித்தேன்.

குஞ்சு கத்திக்கொண்டு வேலிக்குள் ஓடியது. யாரும் பார்க்கவில்லை. நாளைக்கும் இதைச் செய்ய வேண்டும்.